எலும்புச்சட்டை

துரைசாணியின் மூட்டையில் பதினேழு உருப்படி.
வேலன் எண்ணுவான், நான் சுவரில் கரியால் கோடு போடுவேன்.
பாவாடை நாலு, ஒன்றுக்குள் ஒன்றாய்ப் போடுவதற்கு,
கால்மேசு, கையுறை,
கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு லேஸ்,
கடைசியில் அந்த எலும்புச்சட்டை.

முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து தண்ணீரூற்று வரைக்கும் நடை.
பங்குனி வெயில். என் தலையில் அவவின் உடம்பு
உள்ளே ஆள் இல்லாமல் கனக்கும்.

எலும்பு திமிங்கிலத்தினுடையதாம்,
குசினிக்கார அந்தோனி சொன்னான்.
ஊரளவு பெரிதாய்க் கடலில் திரிந்த ஒன்றைப் பிளந்து
ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றித் தைத்திருக்கிறார்கள்.
அதைக் கல்லில் அடிக்கக் கூடாது.
உவர்மண்ணில் அவிக்கக் கூடாது.
பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி
உள்ளங்கையால்தான்.

வேர்வை எல்லாருக்கும் ஒரே மணம்.
உடையார் வீட்டுப் பெண்டுகளுக்கு மாற்றுக் கொண்டுபோகிறவள் நான்.
எவள் எந்தக் கிழமை ஒதுங்கினாள்,
எவளுக்குப் பிந்துகிறது,
கேட்டால் சொல்ல மாட்டேன்.
துணி சொல்லும், எனக்கு மட்டும்.

துரைசாணியின் தலையணை உறையில்
எப்போதும் உப்பு.

அவ உரத்துச் சிரிக்கக் கூடாதாம்.
பசித்தாலும் பாதிக் கோப்பையோடு எழும்ப வேண்டுமாம்.
காட்டுக் காய்ச்சலில் கிடந்து நடுங்கியபோதும்
விருந்தாளி வந்தால் பாட்டுப்பெட்டிக்கு முன்னால் இருக்க வேண்டுமாம்.
உப்புக்காற்றில் பாதிக் கட்டை ஊதிப்போய் எழும்பாது,
எழும்புகிற கட்டையில் வாசித்தாவாம்.
பிள்ளை நிற்கவில்லை என்றால் அதுவும் அவவின் குற்றமாம்.
இரண்டு தரம் நின்று கலைந்ததை
நான் பார்த்தேன், துணியில்.
துரை பார்த்தாரோ தெரியாது.

ஒருநாள் அவவே வந்தா, மாட்டுவண்டியில், குடையோடு,
படம் கீற.
மருதமரத்தடியில் நாற்காலி போட்டார்கள்.
குளத்தைப் பார்த்தா, கொக்கைப் பார்த்தா,
என்னைப் பார்த்துவிட்டு முகம் சிவந்தா.
எனக்கு விளங்க நேரம் எடுத்தது.
என் தோள்.
துணி ஏறாத என் தோள்.

அது அவவுக்கு வெட்கம். எனக்குச் சட்டம்.
சேலை முழங்காலுக்குக் கீழே இறங்கினால்,
மார்புக்கு மேலே ஏறினால்
உடையாரின் ஆள் பூவரசங் கம்போடு வருவான்.
வற்றாப்பளை அம்மனுக்கு வெள்ளை கட்டுவது நாங்கள்.
பந்தலுக்கு விரிப்போம், பிணத்துக்கு விரிப்போம்,
மாப்பிள்ளை நடந்து வரும் புழுதிக்கும் விரிப்போம்.

அடுத்த மூட்டையில் பதினெட்டு.
வேலன் இரண்டு தரம் எண்ணினான்.
மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சட்டை.
"நாகிக்காம்" என்றான் அந்தோனி.
என் பெயரை யாரிடம் கேட்டாவோ.

போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நல்லா இருந்தது.
கையை ஓங்கும்போது கமக்கட்டில் இறுகியது, அவ்வளவுதான்.
மூன்று நாள்.
நாலாம் நாள் முள்ளியவளைச் சந்தியில்
நாலுபேர் பார்த்து நிற்கக் கிழித்தார்கள்.
குறுக்கே விழுந்த வேலனுக்கு முன்பல் போனது.

கச்சேரியில் துரை சொன்னாராம்
அது ஊர்வழக்கம், அரசாங்கம் தலையிடாது என்று.
அன்றிரவு மேசையில் துரைசாணி ஏதோ சொல்ல வாயெடுத்தாவாம்.
துரை நிமிர்ந்து பார்த்தாராம்.
அவ தேத்தண்ணி ஊற்றினாவாம்.
கோப்பைக்கு வெளியே, மேசைத்துணி நனைய நனைய
ஊற்றிக்கொண்டே நின்றாவாம்.

அந்தக் கறை போக எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

இந்தக் கிழமை மூட்டையில் பதினாறு.
எலும்புச்சட்டை இல்லை.
மறந்தாவோ, ஒளித்தாவோ,
மூச்சு வாங்க இரவில் கடற்கரைக்குப் போய்
திமிங்கிலத்திடமே திருப்பிக் கொடுத்தாவோ,
அந்தோனிக்கும் தெரியவில்லை.

கொடியில் ஒரு இடம் வெறுமையாய்க் கிடந்தது.
என் கிழிந்த சட்டையைக் கசக்கி
அந்த இடத்தில் காயப்போட்டேன்,
நாலு பாவாடைக்கும் லேசுக்கும் நடுவில்.

கரிக்கட்டியோடு வேலன் கேட்டான்,
பல்லில்லாத வாயால்,
எத்தனை என்று.

பதினேழு என்றேன்.